வந்தோர் துணியும் வெளுத்தோர் கையும்: திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியிற் சலவையின் வரலாறு

திருக்கோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோயில், கோட்டை, துறைமுகம் என்னும் மூன்றனையே கண்டனர். 1620களிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டியதும், 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியதும், 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயரும் அவ்வாண்டு ஆகத்தில் பிரெஞ்சுக்காரரும் மாறிமாறி அதனைப் பிடித்ததும், 1795இல் ஆங்கிலேயர் நிலையாக வந்து அமர்ந்ததும் பள்ளி மாணவரும் அறிந்தவை. ஆயின் வந்தவர் யாவரும் இரவில் எங்கேனும் உறங்கியிருத்தல் வேண்டும். உறங்கிய விரிப்பில் வியர்வையும் எண்ணெயும் குருதியும் படிந்திருத்தல் வேண்டும். விடிந்தபின் அவ்விரிப்பை யாரோ ஒருவர் மூட்டையாகக் கட்டிச் சுமந்து சென்றிருத்தல் வேண்டும். அந்த மூட்டை எங்கே போயிற்று, அதன் கறை எவ்வாறு நீங்கிற்று, அதனை நீக்கியவருக்கு என்ன கிடைத்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொருள் சிறிதெனச் சிலர் நகைக்கலாம். எனினும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வீடுதோறும் அறை வாடகைக்கு விடப்படும் இந்நாளில், விருந்தினர் கறைப்படுத்திச் சென்ற விரிப்புக்கு யார் பொறுப்பு என்னும் வழக்கு நாள்தோறும் எழுவதைக் காண்கின்றோம். அவ்வழக்கிற்கு நெடிய பழமை உண்டு.

தமிழிலக்கியத்தில் துணி வெளுப்பவரைப் பற்றிய குறிப்புகள் சங்க காலத்திலேயே தொடங்குகின்றன. புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஔவையார், களர்நிலத்திற் கூவல் தோண்டி நாள்தோறும் ஆடை கழுவும் புலைத்தியைக் குறிப்பிடுகின்றார். களர்நிலம் என்றது தற்செயலாக வந்த அடையன்று. உப்பும் காரமும் செறிந்த அந்நிலத்து மண்ணே அக்காலத்துச் சவர்க்காரம். நெய்யும் எண்ணெயும் படிந்த துணியைக் காரநீரில் இட்டால், கொழுப்பு காரத்துடன் கூடி நீரிற் கரையும் இயல்பை அடைகின்றது. இன்று தொழிற்சாலைகளில் நடைபெறும் சவர்க்கார ஆக்கமும் இதுவே. இரசாயனம் என்னும் பெயர் அறியாமலே அக்காரியத்தைச் செய்தாள் அப்பெண். பிற சங்கப் பாட்டுகள் துணிக்குக் கஞ்சி ஊட்டுதலையும் கூறுகின்றன. கஞ்சி துணிக்கு விறைப்பைத் தருவதோடு நூலுக்கும் அழுக்குக்கும் இடையே ஒரு மெல்லிய படலமாகவும் நிற்கின்றது. அடுத்த சலவையில் கஞ்சி கரையும்போது அதன்மேற் படிந்த அழுக்கும் உடன் நீங்குகின்றது.

விருந்தினன் ஒருவனது அழுக்குத் துணியை ஏற்று வெளுத்துத் தருவதையே தொண்டாகக் கொண்டவர் ஒருவர் நம் அடியார் வரிசையில் உண்டு. காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத்தொண்ட நாயனாரின் வரலாற்றை இக்கல்லூரி மாணவர் அறியாதவரல்லர். எனினும் அதனைத் தொழில் நோக்கிற் படிப்போர் மிகக் குறைவு. இறைவன் ஏழை அடியவனாய்க் கந்தையுடன் வந்து, பொழுது சாயுமுன் திருப்பித் தரவேண்டும் என்று கேட்கின்றான். நாயனார் அக்கந்தையைத் துறைக்குக் கொண்டுசென்று முதலில் மாசை எறிந்து, பின்னர் மிகப் புழுக்கி, அதன்பின் ஒலிக்கப் புகும் அளவில் மழை பொழிகின்றது என்பது சேக்கிழார் தரும் முறை. முதற்கழுவல், ஆவியிற் புழுக்கல், கல்லில் அடித்தல் என்னும் மூன்று படிகளும் இங்கே வரிசை பிறழாமல் அமைந்துள்ளன. கதையின் நெருக்கடி முழுவதும் நான்காவது படியாகிய உலர்த்தலிலே உள்ளது. துணி வெளுத்தும் உலராமையால் வாக்குத் தவறிற்று எனக் கலங்கி, நாயனார் துவைக்கும் பாறையில் தம் தலையை மோதப் புகுகின்றார். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக் காற்றோடு வரும் மழையிலே திருக்கோணமலையில் வெளுத்த துணியை உலர்த்த முயன்றவர்க்கு இந்நெருக்கடியின் உண்மை நன்கு விளங்கும்.

சேரமான் பெருமாள் நாயனார் வரலாற்றிலும் ஒரு வண்ணான் வருகின்றான். உவர்மண் பொதியைச் சுமந்து வந்தவன் மழையில் நனைய, மண் கரைந்து வழிந்து அவன் உடல் முழுதும் வெளுக்கின்றது. அதனைத் திருநீற்றுக் கோலமாகக் கண்ட அரசன் யானையினின்று இறங்கி வணங்குகின்றான். அஞ்சிய அவனோ தான் அடிவண்ணான் என்று கூறி நிற்கின்றான். பத்தியின் பெருமைக்காகக் கூறப்பட்ட இக்கதை, உவர்மண் தலைச்சுமையாகத் தொலைவிலிருந்து கொணரப்பட்டது என்னும் செய்தியையும் நமக்குத் தருகின்றது. மற்றொன்றையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். அரசன் வணங்கினான் என்பது வியப்பிற்குரிய செய்தியாகச் சொல்லப்படுவதாலேயே, வழக்கத்தில் அவனை வணங்குவார் இல்லை என்பது பெறப்படும்.

சோழர் கல்வெட்டுகளிற் காணப்படும் வரிப்பெயர்களுள் வண்ணாரப்பாறை என்பது ஒன்று. துணி அடிக்கும் கல்லுக்கும் அரசு இறை கொண்டது என்பதே இதன் பொருள். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் வெளுப்போர் ஈரங்கொல்லிகள் எனப்படுகின்றனர். ஈரத்தைக் கொல்பவர் என்று பொருள்படும் இச்சொல்லைப் படைத்தவர் யாராயினும் அவர் உலர்த்தலின் அருமையை அறிந்தவரே.

இனி நம் குடாவிற்கு வருவோம். 1659ஆம் ஆண்டின் இறுதியில் ஆன் என்னும் ஆங்கிலக் கப்பல், மசூலிப்பட்டினத்திற் புயலால் பாய்மரம் இழந்து, அதனைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவிற்கு வந்தது. பாய்மரம் நடும்வரை சும்மா நிற்றல் வேண்டா என்று சிறிது துணியும் வாணிகத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டது. அத்துணிக்கு உரியவர்களாகிய பரங்கிப்பேட்டை வணிகரும் உடன் வந்தனர். 1660இற் கப்பற்றலைவனும் அவன் மகன் இராபர்ட் நொக்சும் கண்டியரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். தலைவன் புளியமரம் ஒன்றன் அடியில் அமர்ந்திருந்தபோது பிடிபட்டான் என்பது மூதூர் மக்கள் இன்றும் கூறும் செய்தி. தந்தை இறந்தபின் ஏறத்தாழ இருபதாண்டு கண்டி நாட்டிற் சிறையிருந்து, 1679இல் தப்பிச்சென்ற நொக்சு, 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டான்.

அந்நூலில் கண்டி நாட்டு வண்ணாரைப் பற்றி அவன் தரும் விவரம் மிகத் தெளிவானது. தோளில் ஒரு துணியை இட்டுச் செல்வது அவர்களின் அடையாளம் என்கின்றான். அடுப்பில் ஏழெட்டுக் கலன் நீர் கொள்ளும் பானையை ஏற்றி, அழுக்குத் துணிகளை அதன் வாயின்மேல் அடுக்கி, எழும் ஆவி துணியினூடே புகும்படி செய்வர். பின்னர் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கையாற் கசக்காமற் பாறையில் அடிப்பர். துணி கிழிவதுமில்லை, மிகத் தூய்மையும் அடைகின்றது என்று வியக்கின்றான். காரம் சேர்ப்பதையும் குறிக்கின்றான். சேக்கிழார் கூறிய புழுக்கலும் நொக்சு கண்ட ஆவியும் ஒன்றே. காஞ்சியிலே பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பாடப்பட்ட முறையைக் கண்டி மலைகளிலே பதினேழாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலக் கைதி கண்டு எழுதினான். மொழியும் சமயமும் வேறாயினும் வெள்ளாவி ஒன்றாகவே இருந்தது. இன்னாருக்கு வெளுப்பர், இன்னாருக்கு வெளுக்கமாட்டார் என்னும் சாதி வரம்பையும் நொக்சு மறக்காமற் குறித்துள்ளான்.

வெள்ளாவியின் சிறப்பு யாதெனின், அது அழுக்கை இளக்குவதோடு துணியிலுள்ள பேன், சிரங்குப் பூச்சி முதலியவற்றையும் நோய்க் கிருமிகளிற் பலவற்றையும் அழித்துவிடும். கிருமி என்பதொன்று உண்டென்று உலகம் அறிவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே ஏற்பட்ட காப்பு இது. இதன் அருமையைத் துறைமுக நகரத்தார் நன்கு அறிதல் வேண்டும். 1817இல் வங்காளத்திற் பெருகிய வாந்திபேதி இரண்டாண்டுக்குள் இலங்கையிலும் புகுந்தது. திருக்கோணமலையின் பெயர் தாங்கிய ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்று பம்பாயிலே தேக்கு மரத்தாற் கட்டி நீரில் இறக்கப்பட்டதும் அதே 1817ஆம் ஆண்டில் என்பது ஒரு தற்செயல். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பியாகிய கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரின் 1852இல் ஐராவதி ஆற்றிலே வாந்திபேதியால் இறந்து திருக்கோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார். நோயாளியின் விரிப்பைக் கையாண்டோர் அந்நோய்க்கு ஆளாவதை இலண்டன் மருத்துவர் ஜோன் ஸ்னோ அக்காலத்திலேதான் எடுத்துக்காட்டினார். விருந்தினன் விட்டுச் சென்ற கறையிற் கண்ணுக்குத் தெரிவது ஒரு பங்கு, தெரியாதது மறுபங்கு. அத்தெரியாத பங்கைச் சுமந்தவர் துணியைச் சுமந்தவரே.

இனி விருந்து ஏற்றலில் வெள்ளைத் துணி பெற்ற இடத்தைக் கூறுவாம். பழைய மடங்களிலும் சத்திரங்களிலும் வழிப்போக்கனுக்குக் கூரையும் நீரும் சில இடங்களில் உணவும் கிடைத்தன. விரிப்புக் கிடைக்கவில்லை. அவனவன் தன் பாயிலோ துண்டிலோ கிடந்து எழுந்து, தன் அழுக்கைத் தன்னோடு கொண்டுபோனான். ஆகவே விருந்தினன் கறை என்னும் சிக்கல் அங்கே எழவில்லை. வீட்டிலும் பெரும்பாலும் பாயே. ஆனால் மதிப்பிற்குரியோர் வரும்போதும், திருமணத்திலும், மரணச் சடங்கிலும் வெள்ளை வேண்டும். பந்தலின் மேலே வெள்ளை கட்டுவதும், ஆசனத்தில் வெள்ளை விரிப்பதும், நடந்து வரும் வழியில் நிலபாவாடை இடுவதும் நம் பகுதிகளிற் கட்டாடியார் என மரியாதையாக அழைக்கப்பட்ட சலவைக் குடியினரின் கடமையாயிருந்தன. சிங்கள நாட்டிலும் அதிகாரிகள் சுற்றுப்பயணம் வருகையில் தங்குமிடத்தை வெள்ளையால் அலங்கரித்தல் அக்குலத்தார் செய்யவேண்டிய இராசகாரியம். கட்டாய ஊழிய முறையாகிய இராசகாரியம் 1832இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும், ஊர் வழக்கில் இக்கடமை நெடுங்காலம் நீடித்தது.

அந்த வெள்ளை யாருடையது என்பது சுவையான வினா. தமிழ்நாட்டு வண்ணார் தம்மிடம் வெளுக்க வந்த துணிகளையே மரண ஊர்வலத்தில் வழிநெடுக விரிக்க வாடகைக்கு விட்டு வருவாய் பெற்றனர் என்று 1909இல் வெளிவந்த தேர்ஸ்ரனின் நூற்றொகுதி குறிக்கின்றது. ஒருவர் வீட்டு வேட்டியின்மேல் மற்றொருவர் வீட்டுப் பிரேதம் சென்றது. மறுவாரம் அவ்வேட்டி தூயதாய் உரியவரிடம் மீண்டது. இதனைக் களவு என்று வெள்ளையர் எழுதினர். நாம் அவ்வளவு கடுமையாகக் கூறமாட்டோம். நெல்லாகக் கிடைத்த சிறு கூலியோடு ஒரு குடும்பம் வாழவேண்டுமாயின் கையில் உள்ள பொருளைத்தானே அது பயன்படுத்தும்!

வெள்ளை விரிப்பைவிட முதன்மையானது மாற்று. பூப்பு, மகப்பேறு, மாதவிலக்கு ஆகிய துடக்குக் காலங்களிற் கறைபட்ட துணியைக் கட்டாடி வீட்டுப் பெண் வந்து எடுத்துச் சென்று, பதிலாக வெளுத்த துணியை மாற்றாகத் தருவாள். ஊரார் தொட மறுத்த துணியை அவள் தொட்டாள். தொட்டதனாலேயே அவளும் தொடத்தகாதவளாகக் கருதப்பட்டாள். தூய்மையை ஆக்கித் தருபவரைத் தூய்மையற்றவர் என்று ஒதுக்கிய முரண்பாட்டை நம் முன்னோர் கண்டு நாணியதாகத் தெரியவில்லை. சேக்கிழாரைப் பாராயணம் செய்த வீடுகளிலும் இதுவே நடந்தது.

ஆங்கிலேயர் காலத்திலே வழிநெடுக அமைந்த வாடிவீடுகள் இந்நிலையில் ஒரு புதுமையைப் புகுத்தின. கட்டில், கொசுவலை, படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் ஆகியவற்றை விருந்தினன் எதிர்பார்த்தான். அக்காலத்துப் பயணக் கைந்நூல்கள் வாடிவீடுகளைக் குறிக்குமிடத்துப் படுக்கைத் துணி கிடைப்பதையும் ஒரு வசதியாக எடுத்துச் சொல்லும். முன்பின் அறியாத ஒருவன் கிடந்த விரிப்பை மறுநாள் முன்பின் அறியாத இன்னொருவனுக்கு விரித்துக் கொடுக்கும் வழக்கம் இவ்வாறுதான் நம் நாட்டிற் பரவியது. இதில் இரண்டு விளைவுகள் உள. விரிப்பு வாடிவீட்டுக் காவலனின் பொறுப்பாயிற்று. வெளுப்பவனுக்கோ கூலி நெல்லாக அல்லாமல் உருப்படிக்கு இவ்வளவு என்று காசாகக் கிடைத்தது.

கப்பல்களும் அவ்வாறே. கடல்நீரிற் சாதாரணச் சவர்க்காரம் நுரைக்காது. கடல்நீரிற் கழுவிய துணி உலர்ந்தாலும் அதிற் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பிசுபிசுக்கும். பல வாரம் கடலிற் கழித்த கப்பல் துறை சேர்ந்ததும் முதலில் நாடியது நன்னீரை. நன்னீரோடு வெளுப்பவரையும் நாடியது. வட இந்தியச் சொல்லாகிய டோபி ஆங்கிலக் கடற்படையினரின் பேச்சில் நிலைபெற்று, துணி துவைத்தலுக்கே பெயராயிற்று. நம்மூரிலும் அச்சொல் அவ்வழியே பரவியிருக்கலாம். ஆங்கில மாலுமி தன் துணியைக் கொடுக்கும்போது துடக்கு என்று எண்ணவில்லை. முற்றத்தில் நின்று வாங்கு என்று கூறவுமில்லை. எண்ணிக் கொடுத்தான், எண்ணி வாங்கினான், காசைக் கொடுத்தான். அவனிடம் வேறுவகைச் செருக்கு நிறைய இருந்தது. எனினும் சலவையைக் குடிமையினின்று கூலித்தொழிலாக மாற்றியதில் துறைமுகத்துக்கும் வாடிவீட்டுக்கும் பெரும்பங்கு உண்டு என்பது எம் கருத்து.

பல நூறு பேரின் வெள்ளைத் துணி ஒரே வெள்ளாவியிற் சேரும்போது இன்னாரது இன்னது என அறிவதற்குக் குறி வேண்டும். வண்ணான் குறி எனப்படும் அப்புள்ளிகளும் கோடுகளும் சேங்கொட்டையின் சாற்றால் இடப்பட்டன. காரத்தாலும் ஆவியாலும் அழியாத கருமை அது. எழுத்தறியாதார் என்று கருதப்பட்டோர் தமக்கென ஒரு எழுத்து முறையையே ஆக்கிக்கொண்டனர். ஆனால் அச்சாற்றில் ஒரு தீங்கும் உண்டு. மா, மரமுந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அம்மரத்தின் சாறு சிலர் தோலிற் கொப்புளம் எழுப்பும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர் பலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும், துணியிற் குறியிட்ட இடங்களிலெல்லாம் சொறி எழுந்தது. 1943இல் மருத்துவர்கள் அதன் காரணம் வண்ணான் குறியே எனக் கண்டனர். விருந்தினன் கறை வெளுப்பவனைத் தாக்கிய கதை பல. வெளுப்பவன் குறி விருந்தினனைத் தாக்கிய கதை இது ஒன்றே போலும்.

அப்போரிலே திருக்கோணமலை பட்ட பாடு யாவரும் அறிந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. 1944இல் ஆங்கிலேயரின் கீழைக் கடற்படை மீண்டும் இங்கே வந்து தங்கியபோது, ஆயிரக்கணக்கான மாலுமிகளின் வெண்சீருடையும் விரிப்பும் வெளுக்கப்பட வேண்டியிருந்தன. 1957இற் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. தளத்தை நம்பி வாழ்ந்தோர் பலர் பிழைப்பை இழந்தனர். சாதியின் பெயரால் பொது இடங்களிற் பிறரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறியதும் அதே 1957இல்தான். ஒரு கை காசு தரும் வாடிக்கையாளனை அனுப்பிவிட்டது. மறு கை பழைய இழிவை எதிர்க்கும் உரிமையை நீட்டிற்று. சலவைக் குடிகளின் அடுத்த தலைமுறையினர் பலர் தொழிலையே விட்டு விலகியதில் வியப்பில்லை.

இன்று நிலை வேறு. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளும், 2009இல் முடிந்த நெடும்போரும் கடந்தபின், கச்சான் காற்று வீசும் ஏப்ரல் முதல் செத்தெம்பர் வரையான பருவத்திலே பயணிகள் இக்கடற்கரையை நாடி வருகின்றனர். வீட்டின் ஓர் அறையை நாட்கணக்கில் வாடகைக்கு விடுவோரும் பெருகினர். வெள்ளாவி இருந்த இடத்தில் சலவை எந்திரம் நிற்கின்றது. அனுபவமுள்ளோர் ஒரு கட்டிலுக்கு மூன்று விரிப்பு வைத்துக்கொள்வர்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலுமாரியில். விரிப்பு வெள்ளையாகவே இருக்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. நிறம் போகுமே என்னும் அச்சமின்றி எல்லாவற்றையும் ஒருங்கே வெளுக்கலாம். கறையைக் கண்டவுடன் விருந்தினனிடம் பணம் கேட்கலாமா என்பது இப்போது எழும் வினா. பழைய வழக்கில், துணி கிழிந்தாற் கட்டாடியிடம் கேட்டனர். கறைக்காக விருந்தினனைக் கேட்பது பண்பன்று என்று கருதினர். அந்தப் பண்பின் செலவை வேறொருவர் தலையில் ஏற்றியே நாம் பண்பாளராயிருந்தோம் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். இன்று அவ்விரிப்பைத் துவைப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணோ நாட்கூலிக்கு வரும் பெண்ணோ ஆவார். நன்றாக வெளுத்தாரா என்று கேட்கும் நாம் அவர் கைக்கு உறை உண்டா என்று கேட்பதில்லை.

கறைகளின் இயல்பை அறியாமையால் வரும் இழப்பே மிகுதி. குருதிக் கறையைக் கொதிநீரில் இட்டால் அதிலுள்ள புரதம் உறைந்து நூலோடு ஒட்டிவிடும். குளிர்நீரில் ஊறவைத்தலே முறை. நாயனாரும் மாசை எறிந்த பின்னரன்றோ புழுக்கினார்! மஞ்சட் கறை சவர்க்காரம் பட்டதும் சிவந்து அச்சுறுத்தும். வெயிலில் உலர்த்த மெல்ல மங்கிவிடும். வெளிநாட்டுப் பயணிகள் பூசும் வெயிற்காப்புக் களிம்பு புதிய சிக்கல். அதிலுள்ள ஒருவகைப் பொருள் இரும்பு கலந்த கிணற்று நீரோடு சேர்ந்து செம்மஞ்சட் கறையாகின்றது. குளோரின் வெளுப்புநீரை ஊற்ற ஊற்ற அக்கறை வலுக்குமேயன்றிக் குறையாது. விரிப்பே போயிற்று என்று எறிந்துவிடுகின்றனர். துருக்கறைக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் தேய்த்து வெயிலில் இடுவது நம் வீட்டு முதியோர் அறிந்த பழைய முறை. புளிப்பு இரும்பைக் கரைத்து நீக்கும். இப்புதிய கறைக்கும் அதுவே பெரும்பாலும் போதும். வெளுப்புநீர் படுமுன் செய்தல் வேண்டும்.